டம்ளர் எடுத்தால் நடுங்குகிறது, வைத்தால் நின்றுவிடுகிறது: இது நடுக்குவாதமா?

3 ஜூன் 2023, காலை 9.20 – கேள்வி, நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர்

அப்பாவுக்கு 64 வயது. ஒரு வருடமாகக் காபி டம்ளரைத் தூக்கினாலே கை நடுங்கி சட்டையில் கொட்டிக்கொள்கிறார். பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் கை அசையாது. எதிர்வீட்டு அம்மா "இது நடுக்குவாதம், படுக்கையில் தள்ளிவிடும்" என்று சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, வீசிங்குக்கு மட்டும் பம்ப் அடிப்பார். நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சனாக இருக்குமா?

3 ஜூன், இரவு 10.50

கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கும்பகோணம் பக்கத்தில் 31 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறவன். கவுண்டருக்கு மேல் தினம் எத்தனையோ கை நீளும். சீட்டை நீட்டும் கை, சில்லறை எண்ணும் கை, கடன் நோட்டில் கையெழுத்துப் போடும் கை. பார்த்துப் பார்த்து ஒன்று பிடிபட்டது. கை நடுங்குகிறது என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி, எப்போது?

உங்கள் அப்பாவுக்கு வேலை செய்யும்போது நடுக்கம். பார்க்கின்சன் பெரும்பாலும் நேர்மாறு. மடியில் போட்ட கை தானாக ஆடும், டம்ளரைப் பிடிக்கப் போனால் அடங்கும். ஒரு கையில் தொடங்கும். இன்னொரு பக்கத்துக்கு வந்த பிறகும் தொடங்கிய பக்கம்தான் மோசமாக இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ உருட்டும். புத்தகத்தில் அதை மாத்திரை உருட்டுவது போல என்று எழுதியிருப்பார்கள், என் தொழிலையே உவமையாக்கிவிட்டார்கள். விளக்குத் திரி திரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அச்சாக அதுதான். நொடிக்கு நாலிலிருந்து ஆறு ஆட்டம்.

அப்புறம், நடுக்கத்தை மட்டும் பார்த்து பார்க்கின்சன் என்று பெயர் வைக்கமாட்டார்கள். கூடவே மந்தம் இருக்கவேண்டும். சட்டைப் பித்தான் போட ஐந்து நிமிடம் ஆகும். நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்கும். எழுத்து, வரி போகப்போக எறும்பாகச் சிறுக்கும். நடுக்கமே இல்லாத பார்க்கின்சன்காரர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் சொல்வது பரம்பரை நடுக்கம் மாதிரித் தெரிகிறது. எசென்ஷியல் ட்ரெமர் என்பார்கள். இரண்டு கையிலும் வரும். சிலருக்குத் தலை 'இல்லை இல்லை' என்று ஆடும், சிலருக்குக் குரலும் நடுங்கும். உங்கள் தாத்தாவுக்கோ அத்தைக்கோ இருந்ததா என்று விசாரியுங்கள். அப்பாவை ஒரு வெள்ளைத் தாளில் கொசுவத்திச் சுருள் வரையச் சொல்லுங்கள். கோடு பெரிதாக, நெளிநெளியாக வந்தால் ஒரு கதை. சுருள் சின்னதாக, நெருக்கியடித்து முடங்கினால் வேறு கதை.

4 ஜூன், காலை 6.15

நேற்று எழுதியதில் ஒரு பிழை. டம்ளரைப் பிடித்தால் பார்க்கின்சன் நடுக்கம் அடங்கும் என்றேன். அடங்கும், ஆனால் பிடித்துக்கொண்டே இருந்தால் சில நொடி கழித்துத் திரும்ப ஆரம்பிக்கும். ஆகவே கையை நீட்டச் சொல்லிவிட்டு உடனே முடிவு கட்டாதீர்கள். பத்து எண்ணும்வரை பாருங்கள். அதேபோல எசென்ஷியல் ட்ரெமர் வருடக்கணக்கில் முற்றினால் ஓய்விலும் கொஞ்சம் ஆடலாம். வீட்டில் வைத்துக் குழப்பிக்கொள்வதைவிட நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். போவதற்கு முன்னால் போனில் வீடியோ எடுத்துவையுங்கள்: சும்மா உட்கார்ந்திருப்பது, கை நீட்டுவது, தண்ணீர் ஊற்றுவது, நடப்பது. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் ஆடுகிற கை ஆடாது, ஆடாத கை ஆடும்.

4 ஜூன், மதியம் 2.05

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் லண்டனிலிருந்து எழுதிய கட்டுரைக்கு ஆதாரம் மொத்தம் ஆறு பேர். அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. எதிர்வீட்டு அம்மாவைத் திட்டாதீர்கள், அவரும் அதே முறையைத்தான் கையாண்டிருக்கிறார்.

7 ஜூன், இரவு 9.40

கண் துடிப்பதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது நல்லது. இது என் பாட்டியின் கிளினிக்.

இமை ஓரத்தில் மட்டும் புழு நெளிகிற மாதிரி துடித்து, இரண்டு மூன்று நாளில் நின்றுவிட்டால் தூக்கக் குறைவு, காபி, களைப்பு. விட்டுவிடுங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து இறுக மூடிக்கொண்டு, வெயிலில் ரோடைக் கடக்கவே முடியாமல் போனால் அது டிஸ்டோனியா வகை, தசை தானாக இழுத்துக்கொள்வது. ஒரே பக்கம், முதலில் கண், அப்புறம் கன்னம், வாய்க்கோடி என்று சேர்ந்து வெட்டி வெட்டி இழுத்தால் முகநரம்பு கிளம்பும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டிருக்கலாம். இது தூக்கத்திலும் நிற்காது. பின்னால் சொன்ன இரண்டுக்கும் போட்டுலினம் ஊசி உண்டு, மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை. சினிமாக்காரர்கள் சுருக்கம் போகப் போட்டுக்கொள்வதாகச் சொல்கிற அதே ஊசிதான். அழகுக்கு வருவதற்கு முன்னால் அது கண் வைத்தியத்துக்குத்தான் வந்தது.

டிஸ்டோனியாவில் ஒரு விசித்திரம். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்கிறவர் தாடையில் ஒரு விரலை லேசாக வைத்தால் கழுத்து நேராகும். தள்ளவேண்டாம், தொட்டாலே போதும். எனக்குத் தெரிந்த ஒரு கணக்குப்பிள்ளைக்குப் பேனா எடுத்தால் மட்டும் விரல் முறுக்கிக்கொள்ளும். சாப்பிட, சட்டை போட, பைக் ஓட்ட ஒரு தொந்தரவும் இல்லை. "வேலைக்கள்ளன்" என்று வருடக்கணக்கில் பெயர் வாங்கினார் பாவம்.

12 ஜூன், இரவு 11.30

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன்.

என் அம்மாவுக்கு 71. 2021 தீபாவளி கழிந்து வயிறு உப்புசம், எதுக்களிப்பு. ஒரு டாக்டர் பான்டோபிரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கேப்சூலை 15 நாளைக்கு எழுதினார். சுகமாக இருந்தது. சீட்டு 15 நாளில் முடிந்தது, கேப்சூல் முடியவில்லை. நானே கொடுத்தேன். ராத்திரி கடையைச் சாத்தும்போது ஒரு அட்டையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவேன். பில் இல்லை, சீட்டு இல்லை, கேட்பார் இல்லை. 14 மாதம்.

லெவோசல்பிரைடு டோபமினை, அதாவது நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனத்தை, தடுக்கிற மருந்து. வயிற்றில் தடுத்தால் வயிறு சீக்கிரம் காலியாகும், நல்லது. அதுவே மூளைக்குள்ளும் போய் அதே வேலையைச் செய்யும். பார்க்கின்சனில் டோபமின் தயாரிக்கும் செல்கள் செத்துப்போகின்றன. இங்கே செல் உயிரோடு இருக்கிறது, டோபமினும் வருகிறது, அது போய்ச் சேரும் கதவுதான் பூட்டியிருக்கிறது. வெளியே பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

முதலில் சுருங்கியது கோலம். அம்மா மார்கழியில் 15 புள்ளி, 8 வரை இடுக்குப்புள்ளி வைத்து வாசலை அடைத்துப் போடுகிறவள். 2022 மார்கழியில் 9 புள்ளிக்கு வந்துவிட்டாள். "முட்டி வலிக்குதுடா" என்றாள், சரி என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால், கோடு நடுங்கவே இல்லை. கீழ்வரிசைக்கு வர வர நெருங்கிப்போயிருந்தது, மாவு திட்டுத்திட்டாக விழுந்திருந்தது. வரி போகப்போக எழுத்து சிறுக்கும் என்று உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேனே, அதையேதான் அவள் ஒரு மாதம் வாசலில் போட்டுக் காட்டினாள். நான் அதன் மேல் ஸ்கூட்டரை ஏற்றாமல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன்.

பிப்ரவரியில் இரண்டு கையும் ஆட ஆரம்பித்தது. தஞ்சாவூரில் நரம்பு டாக்டர் என்னென்ன மாத்திரை என்று கேட்டார். நான்தான் கடைக்காரனாச்சே, ஒப்பித்தேன்: பிரஷருக்கு இது, எலும்புக்கு இது. பின்னாலிருந்து அம்மா, "கேஸ் மாத்திரை ஒன்னு இவன் கொண்டாருவான் சார்" என்றாள். பொய் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. அது ஒரு மருந்து என்ற எண்ணமே எனக்கு இல்லை. டாக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெயரை எழுதி அதன் மேல் ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான்.

நாலு மாதம் ஆகிறது. இடது கை ஏறக்குறைய நின்றுவிட்டது. வலது கை இன்னும் ஆடுகிறது. ஆறு மாதம்கூட ஆகலாம் என்கிறார்.

13 ஜூன், காலை 7.00

எந்தெந்த மாத்திரை என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். நான் கவுண்டரில் தினம் கொடுப்பவை: வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின். தலைசுற்றலுக்கு சின்னரிசின். ஒற்றைத் தலைவலிக்கு ஃபுளூனரிசின். டாம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் நுழையாது, இந்த விஷயத்தில் அது கொஞ்சம் தேவலை. ஐந்து நாள், பத்து நாள் சாப்பிட்டவர் பயப்படவேண்டாம். மாதக்கணக்கில் யாரும் கேட்காமல் ஓடுவதுதான் வம்பு, அதுவும் வயதானவர்களுக்கு.

சின்ன வயசுக்காரர்களுக்கு வேறு மாதிரி வரும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு போட்ட அன்றோ மறுநாளோ கழுத்து திருகி, கண் மேலே செருகி, வாய் கோணிக்கொள்ளும். காலேஜ் போகும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போன குடும்பத்தை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் புரோமெத்தசின் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் கழுத்து நேராகிவிடும். அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. புண்ணியம் சாமிக்குப் போனது.

13 ஜூன், காலை 11.45

ஒருவர் "இன்னிலேர்ந்து எல்லா மாத்திரையையும் குப்பையில் போடறேன்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, அவசரப்படாதீர்கள். மனநல மருந்துகளிலும் டோபமினைத் தடுப்பவை நிறைய. அதைத் திடீரென்று நிறுத்தினால் பழைய நோய் திரும்பும். போதாக்குறைக்கு, வருடக்கணக்கில் சாப்பிட்டவருக்கு வாய் அசைபோடுவது, நாக்கு துழாவுவது போன்ற இழுப்புகள் நிறுத்திய பிறகே தலைகாட்டுவதும் உண்டு. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

20 ஜூன், இரவு 10.10

எல்லா ஆட்டமும் நடுக்கம் இல்லை. தாளம் இருக்கிறதா என்று பாருங்கள். தாளம் தப்பாமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினால் நடுக்கம். தாளமே இல்லாமல், விரலில் தொடங்கி தோளுக்குத் தாவி முகத்துக்கு ஓடினால் கோரியா. அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் நடனம் என்று பொருள். திடீரென்று ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு வெட்டினால் மயோகுளோனஸ். தூங்கப்போகும்போது படியில் தவறி விழுகிற மாதிரி தூக்கிப்போடுமே, விக்கல் எடுக்குமே, அதெல்லாம் இந்த ஜாதிதான். முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் டிஸ்டோனியா. கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டையைச் செருமல் என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து, தும்மலை அடக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் அடக்கவும் முடிந்தால் டிக்.

சரி, கோரியாவுக்கு வருகிறேன். போன வருடம் கடைக்கு வழக்கமாக வரும் ஓர் அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். அறுபத்தெட்டு வயது. இடது கை ஈ ஓட்டுகிற மாதிரி ஓயாமல் பறக்கிறது. காலும் ஆட்டோ தரையில் தாளமில்லாமல் தட்டுகிறது. அந்த அம்மா பறக்கிற கையை வைத்து முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி, முடியைக் கோதுகிற மாதிரி மறைத்துக்கொண்டிருந்தார். நினைவு தெளிவாக இருந்தது, பேச்சு குழறவில்லை. மூன்று நாளாக வேப்பிலை அடித்திருக்கிறார்கள். சும்மா இருக்கட்டும் என்று விரலில் குத்திப் பார்த்தேன், 486. சர்க்கரை மாத்திரையை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூளை ஸ்கேனில் வலது பக்கம் மட்டும் ஆழத்தில் ஓர் இடம் வெளுத்துத் தெரிந்ததாம். இன்சுலின் போட்டு மூன்று வாரத்தில் கை மடியில் உட்கார்ந்தது.

சர்க்கரை எகிறி வருகிற இந்தக் கோரியா வயதான ஆசியப் பெண்களிடம் அதிகம் பதிவாகியிருக்கிறது. மற்றபடி பக்கவாதத்திலும் ஒரு பக்கம் இப்படிப் பறக்கலாம், அதனால் ஸ்கேன் பார்க்காமல் சர்க்கரைதான் என்று தைரியமாக இருக்கக்கூடாது.

21 ஜூன், மதியம் 1.30

பிள்ளைகளைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள் ஒரு பிள்ளை திடீரென்று சாப்பாட்டைச் சிந்துகிறது, எழுத்து கோணுகிறது, நாக்கை நீட்டச் சொன்னால் பாம்பு மாதிரி உள்ளே இழுத்துக்கொள்கிறது, உங்கள் விரலைப் பிடிக்கச் சொன்னால் பால் கறக்கிற மாதிரி அமுக்கி அமுக்கி விடுகிறது என்றால், சில வாரம் அல்லது சில மாதம் முன்னால் தொண்டை வலி வந்ததா என்று கேளுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி போன பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தி மூளையையே தாக்குவது. சிடன்ஹாம் 1686-லேயே விவரித்துவிட்டார். ஆட்டம் தானாக அடங்கும், ஆனால் இதய வால்வு கெடாமலிருக்கப் பென்சிலின் வருடக்கணக்கில் போடவேண்டும். ஆட்டம் நின்றதும் ஊசியையும் நிறுத்திவிடுகிறார்கள், அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இளவயதில் நடுக்கமோ முறுக்கலோ பேச்சுக் குழறலோ வந்தால் செம்பையும் நினைக்கவேண்டும். ஈரல் செம்பை வெளியேற்றாமல் மூளையில் படிவது, வில்சன் நோய். கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும், கண் டாக்டரின் கருவியில்தான் நன்றாகத் தெரியும். மருந்து இருக்கிற நோய், அதனால் தவறவிடக்கூடாது. கூடப் பிறந்தவர்களையும் சோதிக்கவேண்டும். செம்புக் குடத்தில் தண்ணீர் குடித்ததால் வருவதில்லை, மரபணுக் கோளாறு. குடத்தை விற்றுவிடாதீர்கள்.

2 ஜூலை, இரவு 10.25

நாமக்கல் தம்பி திரும்ப வந்திருக்கிறார். டாக்டர் எசென்ஷியல் ட்ரெமர்தான் என்றாராம், தாத்தாவுக்கும் தலை ஆடுமாம். எனக்குப் பெருமையாக இருக்கவேண்டும். இல்லை. முதல் நாள் கேள்வியிலேயே "வீசிங்குக்குப் பம்ப்" என்று எழுதியிருக்கிறார், நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கடைக்காரன் கண்ணுக்கு அதுதானே முதலில் படவேண்டும்?

சால்புடமால் பம்ப் அடித்தால் கை நடுங்கும். தியோஃபிலின் மாத்திரைக்கும் அப்படி. தைராய்டு மாத்திரை அளவு கூடினாலும், வலிப்புக்கு வால்புரோவேட் சாப்பிட்டாலும் நடுங்கும். தம்பி எழுதியிருக்கிறபடி, பம்ப் அடித்த அரைமணி நேரம் மோசமாகவும் மற்ற நேரம் மிதமாகவும் ஆடுகிறது. ஆக, இரண்டும் கலந்தது.

இன்னொரு சிக்கலும் அங்கேயே இருந்தது. இந்த நடுக்கத்துக்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மருந்து புரோப்ரனலால். ஆஸ்துமாக்காரருக்கு அது ஆகாது, மூச்சை இறுக்கிவிடும். டாக்டர் கேட்டுத் தெரிந்துகொண்டு பிரிமிடோன் எழுதியிருக்கிறார், நல்லவேளை. பக்கத்து வீட்டில் புரோப்ரனலால் இருக்கிறது என்று வாங்கிப் போடாதீர்கள். பேங்குக்கு ஒரு யோசனை: மாதிரிக் கையெழுத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுக்கலாம்.

15 ஜூலை, இரவு 9.15

பூனைக்காலி விதைப்பொடி பார்க்கின்சனுக்கு நல்லதா என்று கேட்டிருக்கிறார்கள். கதை விடுகிறார்கள் என்று நினைக்கவேண்டாம், மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற லெவோடோபா விதையில் நிஜமாகவே இருக்கிறது. அதைப் பூனைக்காலியிலிருந்து பிரித்தெடுத்து 1937-ல் எழுதியவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில். பார்க்கின்சனுக்கு லெவோடோபா மருந்தானது 1960-களில். நம்மாட்கள் கையில் பொருள் இருந்தது, பூட்டுக்குத்தான் அதுவரை சாவியாகவில்லை.

ஆனால் பொடியில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு என்று யார் அளந்தார்கள்? மாத்திரையில் 100 மில்லிகிராம் என்றால் 100. கூடவே கார்பிடோபாவும் இருக்கிறது, வாந்தி வராமலிருக்கவும், மருந்து ரத்தத்திலேயே வீணாகாமலிருக்கவும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் மேலே பொடியையும் போட்டால் மருந்து கூடிப்போய் உடம்பு நெளிய ஆரம்பிக்கும். அப்புறம் அது நோயா மருந்தா என்று கண்டுபிடிக்க இன்னொரு இழை ஆரம்பிக்கவேண்டியதுதான்.

28 ஜூலை, இரவு 11.00

குடி. "ஒரு பெக் போட்டால் என் கை நிற்கிறது" என்று ஒருவர். உண்மை. எசென்ஷியல் ட்ரெமர் பலருக்குக் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும். குடிக்கிறவருக்குக் காலையில் வரும் நடுக்கமும் குடித்தால்தான் அடங்கும். எது எது என்று அவருக்கே தெரியாத நாள் வந்துவிடும்.

மூன்றாவது ஒன்று உண்டு. போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னால், கை பொத்தென்று விழுந்து விழுந்து எழும். பறவை சிறகடிப்பது போல. இதை நடுக்கம் என்கிறோம், உண்மையில் தசை ஒரு கணம் வேலையை விட்டுவிடுகிறது. ஈரல் கெட்டவருக்கும், சிறுநீரகம் கெட்டவருக்கும் வரும். கூடவே பகலில் தூங்கி வழிந்து, பேச்சில் தடுமாற்றமும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் பார்க்கலாம் என்று வைக்கிற விஷயமில்லை.

10 செப்டம்பர், இரவு 10.40

அம்மாவின் வலது கை நிற்கவில்லை. ஏழு மாதம் ஆயிற்று. மாத்திரையால் மட்டும் வந்திருந்தால் இதற்குள் அநேகமாகப் போயிருக்கவேண்டும், உள்ளே பார்க்கின்சன் ஏற்கெனவே மெதுவாக ஆரம்பித்திருக்கும், கேப்சூல் அதை முன்கூட்டியே வெளியே இழுத்துவிட்டது என்கிறார் டாக்டர். பார்க்கின்சனில் நடுக்கத்துக்கு முன்னாலேயே மோப்பம் மங்கிவிடுவது உண்டாம், "வாசனை தெரியுதா பாட்டி?" என்று கேட்டார். அம்மா தெரியும் என்றாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், நாலைந்து வருடமாக அவள் ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருக்கும். என் மகன் அதற்குப் "பாட்டி பெர்ஃப்யூம்" என்று பெயர் வைத்திருந்தான். பால் அடிப்பிடித்துப் புகைந்த அன்று அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நேற்றுக் காபிப்பொடி டப்பாவைக் கண்ணை மூடச்சொல்லி மூக்குக்குக் கீழே வைத்தேன். "என்னடா, சீயக்காயா?" என்றாள்.

ஜூன் 12 அன்று எல்லாம் என்னால்தான் என்கிற மாதிரி எழுதியிருந்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் ஒரு நிமிடம் அப்பாடா என்று இருந்தது. அம்மாவுக்குத் தீராத வியாதி என்கிறார், எனக்கு அப்பாடா என்கிறது.

லெவோடோபா ஆரம்பித்தாயிற்று. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். பருப்பும் பாலும் கூடவே போனால் மருந்து உள்ளே இறங்க அவற்றோடு இடத்துக்குச் சண்டை போடும். இப்போது கடையிலிருந்து வீட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும் பில் போடுகிறேன். பையன் சிரிக்கிறான்.

2 ஜனவரி 2024, காலை 7.10

யாராவது இன்னும் இதைப் படிக்கிறீர்களா தெரியவில்லை. மார்கழி.

அம்மா இப்போது நாலே முக்காலுக்கு எழுந்து மாத்திரை போட்டுக்கொள்கிறாள். முக்கால் மணி கழித்துத்தான் வாசலுக்கு இறங்குகிறாள், அதற்கு முன்னால் விரல் மாவை விடுவதில்லை. இன்றைக்கு 13 புள்ளி, 7 வரை. கடைசி வரிசையும் நெருங்கவில்லை. தெருவிளக்கு எரியாததால் நான் டார்ச் பிடித்தேன். பாதியில் ஒரு புள்ளியை விட்டு இழுத்துவிட்டு, "டார்ச்சை ஆட்டாதடா, கோடு தெரியல" என்று கத்தினாள்.

பனி, வெறும் வயிற்றில் இரண்டு காபி. அதுவாகத்தான் இருக்கும். உள்ளே வந்து டார்ச்சை வைத்துவிட்டு, கையை நீட்டிப் பத்து எண்ணினேன்.